காலாவதி இல்லாத குறுஞ்செய்தி

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் கொம்பியூட்டர் வேலை என்று சொல்லி வாயை மூடிக்கொள்கிறேன். முன்பு விளக்கிப் பார்த்திருக்கிறேன். அப்ளிகேஷன் சேர்வர் என்பது ஒரு கலியாண மண்டபம் மாதிரி என்று ஒருமுறை என் மச்சாளுக்குச் சொன்னேன். பெரிய நிறுவனங்களின் மென்பொருள் வந்து தாலியை மட்டும் கட்டிவிட்டுப் போகலாம். கதிரை, வெளிச்சம், தண்ணீர், வாசலில் வருகிறவர்களை வரிசைப்படுத்தி உள்ளே விடுவது எல்லாம் மண்டபத்தின் பொறுப்பு. மச்சாள் கவனமாகக் கேட்டுவிட்டு, மண்டபத்துக்கு வாடகை எவ்வளவு என்றாள். வாடகை கிடையாது, ஓப்பன் சோர்ஸ், உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் இருக்கிற ஆட்கள் சேர்ந்து எழுதி, விரும்பியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்து வைத்திருக்கிறார்கள் என்றேன். சும்மா கிடைக்கிற மண்டபத்தில் யார் கலியாணம் செய்வார்கள் என்று சிரித்துவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மட்டக்களப்பில், வாவியைப் பார்த்த ஒரு மேல்மாடியில்தான் எங்கள் அலுவலகம். கீழே மருந்துக் கடை. வெளிநாட்டுக் காப்புறுதி நிறுவனம் ஒன்றின் மென்பொருளைப் பராமரிப்பது எங்கள் வேலை. எங்கோ ஒரு குளிர் நாட்டில் யாரோ காரைக் கொண்டுபோய் மரத்தில் மோதினால், அவருடைய நட்டஈட்டு விண்ணப்பம் எங்கள் சேர்வரில் வந்து வரிசையில் நிற்கும். இங்கே மழையில் ரோட்டே காணாமல் போனாலும் அந்த வரிசை நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். எனக்கு இதில் எப்போதும் ஓர் எரிச்சல் உண்டு. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறபடியால் அதை உள்ளேயே வைத்திருந்தேன்.

அடுத்த மேசையில் ஒருத்தி இருந்தாள், என்னை அக்கா என்று கூப்பிடுவாள். என்னைவிடச் சில வயது இளையவள், வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரி. எனக்குப் பொறாமை இருக்கவில்லை என்று சொன்னால் அது பொய். சொந்த ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையையும் தாண்டி உள்ளே. நகரத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து இருந்தாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் பிடித்து ஊருக்குப் போவாள். அப்பாவுக்கு வட்டை என்கிற வயல்வெளியில் கொஞ்சம் காணியும் ஒரு பட்டி மாடும் இருந்தன. இவள் ஒரே பிள்ளை.

அந்த அப்பாதான் அவளுக்கு ஓயாத கவலை. மாரியில் மேலே குளம் நிரம்பி வான்கதவைத் திறந்தால், அந்தத் தண்ணீர் நேராக வட்டைகளுக்குள் இறங்கும். ஊர்ச் சனமெல்லாம் மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். அவர் மட்டும் அசைய மாட்டார். தண்ணீர் முற்றத்துக்கு வரட்டும் பார்ப்போம் என்று மாட்டுப் பட்டியடியிலேயே குந்திக்கொண்டிருப்பார். ஒரு மாரியில் அவரை மருத மரத்திலிருந்து இறக்கித் தோணியில் கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு வானம் இருட்டினாலே அவளுக்குக் கை ஓடாது. போனைப் பிடித்துக்கொண்டு யன்னலடியில் நிற்பாள்.

எங்கள் சேர்வரில் இடம் தாராளமாக மிச்சம் இருந்தது. முதலாளியிடம் கேட்டு, அதன் ஓரத்தில் ஒரு சின்ன மென்பொருளை ஓடவிட்டாள். படுவான்கரை விவசாயிகள் சங்கமொன்று வான்கதவு பற்றிய தகவலை எங்களுக்குத் தரும். எங்கள் சேர்வர் அதைக் குறுஞ்செய்தியாக்கி, சங்கத்தில் பெயர் கொடுத்த எல்லாருடைய போனுக்கும் அனுப்பும். சம்பளமில்லாத வேலை. ஊருக்குச் சேவை, சமூகப் பொறுப்பு என்றெல்லாம் முதலாளி ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டார். அவள் அதை எழுதியது அப்பாவை நேரத்துக்கு வீட்டைவிட்டுக் கிளப்புவதற்காக. என்னிடம் அதை மறைக்கவும் இல்லை.

தொடங்குவதற்கு முன் சங்கத்தின் கூட்டத்துக்கு நானும் போனேன். கோயில் மண்டபத்தில், பிளாஸ்டிக் கதிரைகளில், சேற்றுக் காலோடு ஆட்கள் வந்து இருந்தார்கள். அங்கே இரண்டு விஷயம் முடிவானது. இரண்டும் அப்போது எல்லாருக்கும் சரியாகவே பட்டது.

முதலாவது, செய்தியின் நீளம். தமிழில் எழுதினால் ஒரு குறுஞ்செய்திக்குள் எழுபது எழுத்துத்தான் அடங்கும், அதிலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. இங்கிலீசில் இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் எழுதலாம். யாரோ எப்போதோ எங்கோ இருந்து வகுத்த கணக்கு, எங்களைக் கேட்டா செய்தார்கள். எழுபதைத் தாண்டினால் செய்தி இரண்டு துண்டாக உடைந்து, பழைய போன்களில் பின்பாதி முதலில் வந்து நிற்கும். ஆகவே வெட்டினோம். வணக்கம் போயிற்று. சங்கத்தின் பெயர் போயிற்று. திகதியும் நேரமும் போயின, போனில்தான் நேரம் விழுகிறதே என்றார்கள். மிஞ்சியவை இரண்டே வசனங்கள். ஒன்று, கதவு திறக்கிறது, உடனே மேட்டுக்குப் போங்கள். மற்றது, கதவு மூடியாயிற்று, வீடு திரும்பலாம்.

இரண்டாவது, காலாவதி. சேர்வரில் வரிசையாக நிற்கிற ஒவ்வொரு செய்திக்கும் ஓர் ஆயுளை வைக்கலாம். இவ்வளவு நேரத்துக்குள் போய்ச் சேராவிட்டால் தூக்கி எறிந்துவிடு என்று சொல்லி வைக்கலாம். ஒன்றும் சொல்லாமல் விட்டால், போய்ச் சேரும்வரை சேர்வர் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும். அவள் இதைக் கூட்டத்தில் எளிமையாக எடுத்துச் சொல்லி, ஆயுள் வைக்கவா என்று கேட்டாள். பின்வரிசையில் இருந்து வாகரையில் பெண் எடுத்த ஒருவர் எழும்பினார். சுனாமி என்று கடல் வந்த காலையில் அவருடைய மாமியார் வீட்டில் யாருக்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"எறியாதீங்க புள்ள. பிந்தினாலும் வந்து சேரட்டும். எங்களுக்கு ஆர் என்னத்தச் சொன்ன இவ்வளவு நாளும்?"

மண்டபம் முழுவதும் அதற்குத் தலையாட்டியது. போர்க்காலத்திலும் கடல் வந்தபோதும் ஒரு வார்த்தை முன்கூட்டிக் கிடைக்காத சனம். செய்தி வராமல் போவதைப் பற்றிய பயம் மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வரக்கூடாத நேரத்தில் வந்து சேருகிற செய்தியைப் பற்றி அங்கே ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. ஆயுள் வைக்காமலே விட்டாள்.

சில மாரிகள் நன்றாகவே போயின. அவளுடைய அப்பா ஆளே மாறிப்போனார். செய்தி வந்த கையோடு மாடுகளை மேட்டுக்கு ஓட்டிவிட்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு முதல் ஆளாகப் பள்ளிக்கூடத்தில் வந்து நிற்பாராம். தேத்தண்ணிக் கடையில் போனை நீட்டி, இது என்ட புள்ள அனுப்பின என்று காட்டுவாராம். கிராம சேவகர் வந்து சொன்னாலும் மகளின் செய்தி வரட்டும் என்று நிற்பாராம். இதையெல்லாம் திங்கட்கிழமைகளில் அவள் சிரித்துச் சிரித்துச் சொல்லுவாள். மருத மரத்தில் இருந்த மனுசனா என்று நானும் கேலி செய்வேன். அவள் அவ்வளவு நிம்மதியாக இருந்ததை நான் அந்தக் காலத்தில்தான் கண்டேன்.

பிறகு அந்த மாரி வந்தது. விடாமல் பெய்த மழை. கதவு திறக்கிறது என்ற முதற்செய்தி போனதும் ஊர் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட்டது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஏறிவிட்டார்கள். அன்றிரவே பாதுகாப்புக்காக அந்தப் பக்கத்துக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். டவரின் பட்டரியும் இறங்கிப் போன்களில் சிக்னல் செத்துப் போயிற்று. மறுநாள் காலையில் மழை ஓய்ந்தது, கதவை மூடினார்கள். வீடு திரும்பலாம் என்ற செய்தியை, சிக்னல் இருந்த குளத்தடியிலிருந்து சங்கம் தந்தது, நாங்கள் அனுப்பினோம். டவர் இல்லாததால் அது படுவான்கரையில் ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை. சேராத செய்திகளைச் சேர்வர் ஒரு தனி வரிசையில் ஒதுக்கி வைத்துக்கொண்டது. பிறகு முயலும், பிறகும் முயலும். அதற்கு நாங்கள் சொல்லி வைத்தது அதுதான்.

மத்தியானம் மேலே மலைப்பக்கம் மறுபடியும் கொட்டத் தொடங்கியது. இந்த முறை எல்லாக் கதவுகளையும் திறக்கப் போகிறார்கள் என்று சங்கம் அறிவித்தது. அவள் இரண்டாவது எச்சரிக்கையை அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு இருந்தாள். எல்லாம் சிவப்பாக நின்றது. பின்னேரம் யாரோ டவருக்கு டீசல் கொண்டுபோய் ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறார்கள். சிவப்பெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையாக மாறியது. செய்தி சேர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அது. முதலாளிகூட வந்து அவளுடைய கதிரைக்குப் பின்னால் நின்று பார்த்தார். எனக்கும் பெருமையாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய போன் அடித்தது. அப்பா. லைன் விட்டுவிட்டுக் கேட்டதால் சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தாள், எனக்கும் கேட்டது.

"மகள், மெசேஜ் கிடைச்சிட்டு. அதுல உள்ள மாதிரிச் செய்யட்டா?"

"ஓம் அப்பா. அதுல உள்ள மாதிரியே செய்யுங்க."

சரி மகள் என்று அவர் சொன்னது பாதியில் அறுந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் இருந்துகொண்டே இருக்கட்டுமா என்று கேட்கிற மனுசன், முன்பு மரத்தில் ஏறி இருந்தவர் என்றாள்.

நான் தேத்தண்ணி போட எழும்பினேன். திரும்பி வரும்போது திரையின் மூலையில் இருந்த எண்ணிக்கை கண்ணில் பட்டது. போய்ச் சேர்ந்த செய்திகள் சங்கத்து ஆட்களின் தொகையைவிடக் கூட இருந்தன, இன்னும் கூடிக்கொண்டும் இருந்தன. ஒருவருக்கு எப்படி இரண்டு போகும் என்று கேட்டேன். அவள் தனி வரிசையைத் திறந்தாள். காலையில் ஒதுங்கி நின்ற செய்திகள் அங்கிருந்து கிளம்பிப் போய்க்கொண்டிருந்தன. கதவு மூடியாயிற்று, வீடு திரும்பலாம். புது எச்சரிக்கைக்குப் பின்னால், அதற்குப் பதில் சொல்வது மாதிரி, ஒவ்வொரு போனிலும் போய் விழுந்துகொண்டிருந்தது. திகதி இல்லை, நேரம் இல்லை. போனில் விழுந்த நேரம் அந்த நிமிடத்து நேரம்.

சேர்வரை நான்தான் நிறுத்தினேன். அவள் அதற்குள் அப்பாவின் போனுக்கு அடித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பிறகு அடிக்கவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் இருந்த வேறொருவரை நான் போனில் பிடித்தேன். ஆம்பிளைகள் கொஞ்சப் பேர் வீட்டையும் மாட்டையும் பார்க்க இறங்கினார்கள், வாய்க்கால் பாலத்தடியில் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள் என்றார். அவளுடைய அப்பா மட்டும், மகளே போகச் சொல்லிவிட்டாள், பயமில்லை என்று சொல்லிக்கொண்டு பாலத்தைக் கடந்திருக்கிறார். அவள் என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். நான் கேட்டதை அப்படியே அவளிடம் சொன்னேன். வேறு என்ன செய்ய முடியும்.

தண்ணீர் வடிந்த பிறகு, பக்கத்து வட்டையின் வேலியில் அவரைக் கண்டெடுத்தார்கள். ஒரு கன்றுக்குட்டியின் கயிறு கையில் சுற்றியிருந்தது.

செத்த வீட்டில் ஒருவரும் எங்களைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. வெள்ளம் கொண்டுபோயிற்று, மாட்டு ஆசை கொண்டுபோயிற்று என்று பேசிக்கொண்டார்கள். சங்கத்தார் அவளிடம் வந்து, உங்கட மெசேஜால எத்தனையோ சனம் தப்பினது என்று கையைப் பிடித்துச் சொன்னார்கள். அது உண்மையும்கூட. அவள் அந்தக் கைகளை உதறவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. ஒன்றுக்கொன்று மாறாக இரண்டு செய்தி வந்தது பற்றிச் சிலர் பேசத் தொடங்கினார்கள், பிறகு அதையும் டவரின் தலையில் கட்டிவிட்டார்கள்.

அலுவலகத்துக்குத் திரும்பி வந்த அன்றே அவள் செய்த முதல் வேலை செய்திக்கு ஆயுள் வைத்தது. ஒரே ஒரு வரி. அடுத்ததாக, பழைய செய்தியைப் புதுச் செய்தி வந்து அழித்துவிடுமாறு எழுதினாள். பிறகு அந்தச் சேர்வரை எழுதுகிறவர்கள் கூடிப் பேசுகிற இணையக் குழுவுக்கு, ஆயுள் சொல்லாவிட்டால் செய்தி என்றைக்கும் சாகாது என்பது ஆபத்து, மாற்றுங்கள் என்று எழுதினாள். அப்பாவைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. முகம் தெரியாத யாரோ ஒருவர் மிக மரியாதையாகப் பதில் போட்டிருந்தார்: கையேட்டில் சொன்னபடிதான் சேர்வர் நடந்திருக்கிறது, பலருக்கு இதுவே தேவை, ஆனாலும் கையேட்டில் ஓர் எச்சரிக்கை வரி சேர்க்கிறோம், நன்றி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன், எதிரில் ஆளைத்தான் காணவில்லை. காசு கொடுத்து வாங்கிய சாமான் என்றால் கடைக்காரனின் சட்டையைப் பிடிக்கலாம். இது சும்மா தந்தது, எந்த உத்தரவாதமும் இல்லை என்று முதற்பக்கத்திலேயே எழுதித்தான் தந்தது. அந்த மனிதர் சொன்னதும் சரி. சேர்வர் சரி, டவர்க்காரன் சரி, டீசல் கொண்டுபோனவன் நல்லவன். வாகரையில் பெண் எடுத்தவர் சொன்னதும் அவருடைய அளவில் சரி. இத்தனை பேர் சரியாக நடந்து ஒரு மனுசன் செத்துப்போனார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நான் வீட்டில் பிள்ளைகளைத் திட்டினேன்.

அவள் ஊருக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். முதலில் வேலை இருக்கிறது என்றாள், பிறகு காய்ச்சல் என்றாள். அம்மா பஸ்காரரிடம் தயிரும் அரிசியும் கொடுத்துவிடுவார். தயிர் முட்டி பிரிக்காமலே அலுவலகத்துக்கு வந்து எங்கள் மேசையில் இருக்கும். ஆள் மெலிந்து கழுத்தெலும்பு தெரிந்தது. ஒரு மத்தியானம் நான் கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன், தகப்பனையும் இழந்து தனியாக இருக்கிற தாயை இப்படியா விடுவது என்று.

"அம்மாட முகத்தைப் பாக்க ஏலாதக்கா. நாந்தானே போகச் சொன்னன். அவவுக்கு அது தெரியாது. தெரிஞ்சா என்னை எப்பிடிப் பாப்பா?"

நீ அவரைப் போகச் சொல்லவில்லை, எந்தச் செய்தி என்று உனக்குத் தெரியாது என்றேன். இதை அவளுக்குள் அவளே எத்தனை தரம் சொல்லியிருப்பாள். சொல்லாமலே இருந்துவிடு, தாய்க்கு அது தெரிந்து என்ன ஆகப் போகிறது என்றும் சொல்லிப் பார்த்தேன். சொல்லாமல் அந்த வீட்டில் ஒரு பிடி சோறு இறங்காது என்றாள். சொன்னால் அந்த வீடே இல்லாமல் போய்விடும் என்று பயந்தாள். அவளுக்கு மிஞ்சியிருந்தது அம்மா ஒருவர்தான்.

தை பிறந்து வெயில் வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு மண்முனைப் பாலத்தால் போனேன். இருபுறமும் வெள்ளம் தின்ற வயல்கள், சேறு காய்ந்து வெடித்துக் கிடந்தன. வாய்க்கால் பாலத்தில் ஏறும்போது என் தோளை இறுக்கிப் பிடித்தாள். நான் வேகத்தைக் குறைக்கவில்லை, குறைத்தால் இறங்கித் திரும்பிவிடுவாள் என்று பயமாக இருந்தது.

அம்மா வாசலுக்கு வந்தார். வெள்ளைச் சேலையில் சின்ன உருவமாக இருந்தார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. மெலிந்து போனாய் என்று சொல்லவில்லை. கை கழுவத் தண்ணீர் தந்து, எங்கள் இரண்டு பேருக்கும் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு, மீன் குழம்பை ஊற்றிவிட்டு எதிரே நிலத்தில் இருந்தார். சுவரில் வெள்ளம் நின்ற கோடு அவருடைய தலைக்கு மேலே ஓடியது. நான் சாப்பிட்டேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். அப்பா போனில் என்ன கேட்டார், தான் என்ன சொன்னாள், வந்தது எந்தச் செய்தி, அது ஏன் பிந்தி வந்தது, அதைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கச் சொல்லி எழுதியது யார், எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். அழவில்லை. அலுவலகத்தில் பிழை திருத்திய விவரம் சொல்கிற அதே குரல். கடைசியில் நான்தான் போகச் சொன்னேன் என்று முடித்தாள்.

அம்மா எட்டி அவளுடைய கோப்பையில் இன்னொரு துண்டு மீன் வைத்தார்.

"எனக்குத் தெரியும் மகள். அவர் உன்னோட பேசக்குள்ள நான் பக்கத்திலதானே இருந்தனான். அவர் கேட்டது எந்த மெசேஜ எண்டு உனக்குத் தெரியாதெண்டு நினைச்சித்தான் வாய் துறக்கல்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். அம்மா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, மகளைத் தேற்றுகிற நினைப்பில் இன்னொன்றும் சொன்னார்.

"புள்ளையும் சொல்லிட்டாள் எண்டு சந்தோசமாத்தான் போனவர்."

அதற்குப் பிறகுதான் அவளிடமிருந்து அந்தச் சத்தம் வந்தது. அதைக் கேட்க முடியாமல் நான் எச்சில் கையோடு எழும்பி வெளியே போய், வெறுமையாகக் கிடந்த பட்டியடியில் நின்றேன்.